தொட்டால் சுடும் ரெக்டிஃபையர்

கேள்வி: எங்கள் தியேட்டர் புரொஜக்டரில் 2,000 வாட்ஸ் சீனான் பல்பு எரிகிறது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபையர் (ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றும் பெட்டி), டிரான்ஸ்ஃபார்மரும் சோக்கும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு டயோடும் உள்ள பழைய மூன்று ஃபேஸ் மாடல். படம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் பெட்டி கை வைக்க முடியாத அளவு சுட்டு, தானாக அணைந்துவிடுகிறது. வார்னிஷ் கருகும் வாடை வருகிறது. உறுமலும் முன்பைவிடக் கனமாக இருக்கிறது, திரையில் வெளிச்சம் லேசாகத் துடிக்கிறது. உள்ளே இருக்கும், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் சுவிட்சை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுத்தால் இடைவேளை வரை தாங்கும் என்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கண்டிப்பாகச் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் காயில் எரியாமல் இன்னும் பிழைத்திருப்பதே அந்தச் சுவிட்சால்தான். வார்னிஷ் வாடை வந்த பிறகு அதை டைரக்ட் செய்தால், அடுத்த செலவு காயில் சுற்றும் கூலியாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான தகவல் சூடு இல்லை, உறுமல். மூன்று ஃபேஸும் ஆறு டயோடும் ஒழுங்காக வேலை செய்தால் வெளியே வரும் டி.சி.யில் இருக்கும் அதிர்வு விநாடிக்கு 300 முறை. அது மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். ஒரு ஃபேஸ் விட்டுப்போனால் அது 100 ஆக இறங்கி, சத்தம் தடித்துவிடும். வெளிச்சம் துடிப்பதும் அதனால்தான். மூன்று பேர் தூக்கிய சுமையை இரண்டு பேர் தூக்குவதால் மிச்சமுள்ள காயிலும் டயோடும் கொதிக்கின்றன. ஒரு டயோடு ஓப்பன் ஆனாலும் (உள்ளே அறுந்து கரண்டை விடாமல் போனாலும்) ஏறக்குறைய இதே அறிகுறிதான்.

முதலில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ரெக்டிஃபையருக்குள் வரும் மூன்று வயரையும் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் மீட்டர்) தனித்தனியாகப் பாருங்கள். இந்த அளவுப் பல்புக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 5 ஆம்பியர் ஓடும். எண்ணைவிட, மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்றில் பூஜ்யம் என்றால் ஃபியூஸ், மெயின் சுவிட்ச், கான்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) முனை மூன்றையும் சோதியுங்கள். கான்டாக்டரில் ஒரு முனை மட்டும் கருகியிருப்பது அடிக்கடி நடப்பது. வோல்ட் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். செத்த ஃபேஸிலும் காயில் வழியாகத் திரும்பி வந்த வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். சில மாடல்களில் கூலிங் ஃபேனுக்கும் அந்த மூன்றில் ஒரு ஃபேஸிலிருந்துதான் லைன் போகும். அந்த ஃபேஸ் போனால் ஃபேனும் நின்றுவிடும், சூடு இரட்டிப்பாகும்.

மூன்றும் ஓடி, அளவு மட்டும் ஏறுமாறாக இருந்தால் டயோடைப் பாருங்கள். மெயினை இறக்கிவிட்டு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கன்டென்சர்களை 100 ஓம், 10 வாட்ஸ் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பல்பைப் பற்றவைக்க அதில் 100 வோல்ட் வரை ஏறியிருக்கலாம். ஒவ்வொரு டயோடின் வயரையும் கழற்றி, மீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்தால் ஒரு பக்கம் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது. இரு பக்கமும் காட்டாவிட்டால் ஓப்பன், இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். மாற்றும்போது கவனம்: ஆறில் மூன்றுக்கு போல்ட் பக்கம் பாசிட்டிவ், மூன்றுக்கு நெகட்டிவ். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், எனவே உடம்பில் அச்சிட்ட டயோடு குறியைப் பார்த்து வாங்குங்கள். அடியில் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினால் போதும்.

பெட்டி திறந்திருக்கும்போதே லக்குகளையும் (வயர் நுனியில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) பாருங்கள். பல்புக்கு ஓடுவது சுமார் 75 ஆம்பியர். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே அங்கு 56 வாட்ஸ் சூடு பிறக்கும், ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. செம்பு ஊதாவாகக் கறுத்து, வயர் உறை மொறுமொறுவென்று இறுகியிருந்தால் இடம் அதுதான். எமரி தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் வைத்து இறுக்குங்கள். லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் நசுக்கிப் பிடிக்கச் செய்யுங்கள்), ஈயம் வைத்து ஒட்டியது சூட்டில் இளகிவிடும்.

நம் பக்கத்துச் செம்மண் புழுதி டயோடின் ஹீட் சிங்க் இடுக்கில் கம்பளி போலப் படிந்துவிடும். டயோடுகளில் மட்டுமே 150 வாட்ஸ் சூடு உண்டு, அது காற்றில்தான் போக வேண்டும். ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக ப்ளோயர் அடியுங்கள். ஃபேன் புதிதாக மாற்றியது என்றால் திசையையும் பாருங்கள். காற்று உள்ளே போகிற வழியில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பல்பு பழசாகி வெளிச்சம் குறைந்தது என்று ஆம்பியரைக் கூட்டினீர்களா? 70-லிருந்து 80-க்கு ஏற்றினால் காயில் சூடு 30 சதவீதம் கூடும். பல்பு அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: சாதாரண கிளாம்ப் மீட்டரில் பல்புக்குப் போகும் வயரைப் பிடித்தால் ஒன்றும் காட்டவில்லையே?
– காரைக்குடி வாசகர்

பதில்: அது ஏ.சி. கரண்டை மட்டும் காட்டும் மீட்டர், பல்புக்குப் போவது டி.சி. கரண்ட். அதற்கு டி.சி. கிளாம்ப் வேண்டும். பல்பு பற்றிய பிறகே அதை மாட்டுங்கள். பற்றவைக்கும் இக்னைட்டர் பல ஆயிரம் வோல்ட் அடிக்கும், மீட்டரும் போகும், கையும் போகும்.

கேள்வி: சித்திரை வெயிலில் கேபினே அடுப்பாக இருக்கிறது. ஏ.சி. போட்டால் சரியாகுமா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: லேம்ப் ஹவுஸ் (பல்பு இருக்கும் பெட்டி) எக்ஸாஸ்ட் ஒழுங்காக வெளியே போகாமல் ஏ.சி. போட்டுப் பயனில்லை. முதலில் அந்தக் குழாயில் குருவிக்கூடு, ஒட்டடை இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் ரெக்டிஃபையரைப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். 10 மீட்டர் தள்ளினால் 35 சதுர மி.மீ. செம்பு கேபிள் போடுங்கள், முக்கால் வோல்ட்தான் இழப்பு. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது. மாறினால் சில விநாடிகளில் பல்பு நாசமாகிவிடும். பல்புக்குள் எப்போதும், ஆறியிருந்தாலும், அழுத்தத்தில் வாயு இருக்கிறது. முகக் கவசமும் கையுறையும் இல்லாமல் லேம்ப் ஹவுஸைத் திறக்காதீர்கள்.