குயர் வாசிப்பு மாலைக்குப் போலீஸ் அனுமதி வேண்டுமா?

கேள்வி: கோவையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினர்) எழுத்தாளர்கள் தங்கள் கதை, கவிதைகளை வாசிக்கும் ஓபன் மைக் ஒன்றை மாதம் ஒரு ஞாயிறு மாலை நடத்த நினைக்கிறோம். ஒரு கஃபேயின் மாடி அறையில் முப்பது பேர் உட்காரலாம். உரிமையாளர் நல்லவர்தான், ஆனால் 'போலீஸ் பர்மிஷன் வாங்கிட்டு வாங்க' என்கிறார். எல்லா அனுமதியும் முடித்துத் தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வழக்கறிஞர் பதில்: கொடுக்காதீர்கள். நான்கு சுவருக்குள், இடத்துக்காரர் சம்மதத்தோடு, முப்பது பேர் கூடி வாசிப்பதற்குக் காவல்துறையின் முன் அனுமதி தேவையில்லை. தெருவிலோ பூங்காவிலோ நடத்தினால் கதை வேறு. அந்த ஏஜென்ட் செய்யப்போவது இதுதான்: உங்கள் பெயரில் ஒரு மனு எழுதி ஸ்டேஷனில் கொடுப்பார், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவார், அதையே 'அனுமதி' என்று உங்களிடம் நீட்டுவார். சரி, நாமே போய்க் கேட்போம் என்றால் அதுவும் வீண். தேவையில்லாத அனுமதியைக் கேட்டுப் போனவரிடம் 'தேவையில்லை' என்று எழுதித் தர எந்த ஆபீசிலும் ஆள் கிடையாது. 'ஐயா வரட்டும்' என்பார்கள். ஐயா வருவதற்குள் உங்கள் ஞாயிறு போய்விடும்.

ஒலிபெருக்கி வைத்தால் மட்டும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குறுக்கே வரும். அதற்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். முப்பது பேர் அறைக்கு எதற்கு ஸ்பீக்கர்? ஓபன் மைக்கை மைக் இல்லாமலே நடத்துங்கள்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை நினைத்துக் கஃபேக்காரருக்குப் பயம் இருக்கலாம். வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அப்புறம் 2021-இல், தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவுகளைத் தொடர்ந்து, தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி 2022-இல் சேர்க்கப்பட்டது. இந்தச் சமூகத்தினரையும் அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ்காரர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. முறைப்படி விசாரிக்க வந்தால் அது துன்புறுத்தல் ஆகாது, பதில் சொல்லுங்கள். விதி வந்து இத்தனை காலம் ஆகியும் அதைப் படித்த சப்-இன்ஸ்பெக்டரை விரல்விட்டு எண்ணலாம். அதனால் ஒரு பிரிண்ட் எடுத்துக் கல்லாவில் வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது: கேமரா. 'நாங்க ஃப்ரீயா ஷூட் பண்ணி யூடியூப்ல போடுறோம்' என்று யாராவது வருவார்கள். வாசிப்பவரிடம் இருநூறு, முந்நூறு என்று பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வீடியோவையும் தங்கள் சேனலில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்த ரகம், 'தொகுப்பு நூலில் உங்கள் கவிதை வரும், இணை ஆசிரியர் சான்றிதழ் தருவோம்' என்று காசு வசூலிப்பவர்கள். எழுதியவரின் கையெழுத்து இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. அதனால்தான் பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். படிவமே வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பிள்ளை உங்கள் அறையில் நின்று வாசிக்கிறது என்று வையுங்கள். அந்த முப்பது விநாடி வீடியோ அத்தை மகனின் போனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எந்த நீதிமன்றம் என்ன செய்யும்? தடையுத்தரவு வாங்கலாம். வீட்டில் நடந்தது நடந்ததுதான். ஆகவே பதிவு எதுவும் கிடையாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள், போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் கொடுங்கள், புனைபெயரில் வாசிக்க விடுங்கள்.

வாட்ஸாப் குரூப்பும் ஆபத்து. எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தால்தான் செய்தி வரும் என்று சொல்லிவிடுங்கள். டீ செலவுக்கு ஜிபே வேண்டாம். வங்கியில் உள்ள பெயர் திரையில் வரும். அரசுச் சான்றிதழில் இன்னும் பெயர் மாற்றாத திருநங்கைக்கோ திருநம்பிக்கோ அதைவிட அவமானம் வேறில்லை. ஒரு உண்டியல் வையுங்கள், விருப்பம் உள்ளவர் போடட்டும்.

பிறர் கவிதையை வாசிக்கலாமா என்று உறுதியாகக் கேட்பார்கள், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெளியான நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பலர் முன் வாசிப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நாவலில் இரண்டு பக்கம் என்றால் பிரச்சினை இல்லை. எட்டு வரிக் கவிதையை முழுதாக வாசித்தால் அது 'பகுதி'யா என்று வாதாட இடமுண்டு, கவிஞர் உயிரோடு இருந்தால் ஒரு மெசேஜ் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வேற்றுமொழிக் கவிதையை நீங்களே மொழிபெயர்த்திருந்தாலும் மூல ஆசிரியரின் அனுமதி தேவை. பாரதி போல நாட்டுடைமை ஆனவர்களைத் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் ஒன்று: இந்தச் சலுகை அறையில் வாசிப்பதற்குத்தான். அதையே படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. பாருங்கள், மறுபடியும் கேமராவில்தான் வந்து நிற்கிறது.

ட்ரஸ்ட், சங்கம் எதையும் இப்போது பதிவு செய்ய வேண்டாம், ஆடிட்டர் என்ன சொன்னாலும் சரி. வெளிநாட்டிலிருந்து யாராவது நன்கொடை அனுப்புகிறேன் என்றால் மட்டும் வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் விளையாட்டல்ல. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அனுமதிக்காதீர்கள். கஃபேக்காரருக்கு நீங்கள் தர வேண்டியது ஒரே ஒரு பக்கக் கடிதம்: தேதி, நேரம், எத்தனை பேர், மது கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, பொறுப்பாளர்கள் இருவரின் கையெழுத்து. அவர் அதன் நகலில் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த மாத நிகழ்ச்சியை அறிவித்துவிடலாம்.