மங்காவில் வெஜிட்டாவின் கொடூரம் குறைந்துவிட்டதா?

வணக்கம். அனிமேயை (ஜப்பானிய அசைபடத் தொடரை) முடித்துவிட்டு 'டிராகன் பால்' மங்காவை (மூலமான ஜப்பானியப் படக்கதையை) படித்தபோது, வில்லனாக வரும் வெஜிட்டா ஆர்லியா கோளை அழிக்கும் பகுதி இல்லாததால், உங்கள் பிரதியில் பக்கங்கள் விடுபட்டிருக்குமோ என்று ஐயுற்றிருந்தீர்கள். எதுவும் விடுபடவில்லை. மங்காவின் படைப்பாளரான அகிரா தொரியாமா அதை வரையவே இல்லை. 1989இல் தொடங்கிய 'டிராகன் பால் இசட்' அனிமே, வார இதழில் வந்துகொண்டிருந்த மங்காவை முந்திவிடாமலிருக்க, வெஜிட்டாவும் அவனுடைய கூட்டாளி நாப்பாவுமாகிய சையன்கள் (வேற்றுக்கோள் போர்வீரர் இனத்தவர்) பூமிக்கு வந்துசேரும் வரையான ஓராண்டு இடைவெளியைப் புதுக் கதைகளால் நிரப்பியது. கொடுங்கோல் மன்னனிடமிருந்து விடுபட்ட ஆர்லியா மக்கள் மகிழ்ந்திருக்கும்போதே, விண்வெளியிலிருந்து வெஜிட்டா அந்தக் கோளையே தகர்த்துவிடுகிறான்.

மங்காவில் அவனுடைய ஆணவத்திற்கு இப்படி முன்னோட்டம் எதுவும் கிடையாது. முடங்கிக் கிடக்கும் நாப்பா உதவிக்கு நீட்டும் கையைப் பற்றி, வெஜிட்டா அவனை மேலே வீசிக் கொல்லும் காட்சியில்தான் நாம் அதிர்கிறோம். இக்காட்சி அனிமேயிலும் உண்டு. அனிமேயில் வெஜிட்டாவுக்குக் குரல் கொடுத்த ஹொரிகாவா ரியோவின் இறுமாப்பான குரலும் அதற்குத் துணை நிற்கிறது. ஆயினும் ஆர்லியாவைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்தத் திடுக்கிடல் பாதியாகிவிடுகிறது என்பது என் கருத்து (குரலை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்).