ஆண்டுக்கு 72 ஆயிரம் ரூபாய்க்கு அறக்கட்டளை எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் நண்பர்கள் 12 பேர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, முதியவர்களுக்குப் போர்வை என்று கொடுத்துவருகிறோம். அறக்கட்டளையாகப் பதிவுசெய்து 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி) வாங்கிவிட்டால் கம்பெனிப் பணமும் வெளிநாட்டுப் பணமும் வரும் என்கிறார்கள். இன்னொரு நண்பரோ, 'இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, தொண்டு நிறுவனமே தேவையில்லை' என்கிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வெளிநாட்டுப் பணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது நற்பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் வசூல் ஆண்டுக்கு 72,000 ரூபாய். இந்த வேகத்தில் 15 லட்சத்தைச் செலவழிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அனுமதி கிடைத்தாலும், பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் கூடாது. உங்களைப் போன்ற சிறிய குழுக்களுக்கு அந்தப் பணம் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் வரக்கூடும். அந்த வழியே இப்போது இல்லை.

கம்பெனிப் பணம்? குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதை வெளி அமைப்பு வழியாகச் செய்வதென்றால், அந்த அமைப்புக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், வருமான வரிப் பதிவுகள் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு எண்ணும் வேண்டும். தவிர, தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்ட ஆள் கிடைக்கும். ஆலையே இல்லாத வட்டாரத்தில், தேவை இரண்டு மடங்கு இருந்தாலும் கதவைத் தட்ட ஆள் வராது. இந்த மாநிலத்தில் நற்பணிப் பணம் பங்கிடப்படும் முறையில் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான்.

80ஜி இருந்தால் நன்கொடை கொட்டும் என்பதையும் நம்பாதீர்கள். நன்கொடையில் பாதித் தொகைக்குத்தான் வரிக்கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரி முறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. அமைப்பின் பக்கம் பொறுப்புகள் ஏறும்: வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு மாதம் மறந்தால் உங்கள் ஒரு மாத வசூல் முழுவதும் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பதிவு வேண்டும் என்றால், அறக்கட்டளை உங்களுக்குப் பொருந்தாது, சங்கம்தான் பொருந்தும். அறக்கட்டளை என்பது நிறுவியவர் எழுதும் பத்திரத்தின் பேரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது. அறங்காவலரைத் தேர்தல் வைத்து மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 12 பேர் சமமாகப் பணம் போட்டுவிட்டு, பத்திரத்தில் பெயருள்ள இரண்டு மூன்று பேர் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால், ஐந்தாம் ஆண்டில் நட்பே இருக்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் போதும். மாவட்டப் பதிவாளரிடம் சங்க விவரக் குறிப்பும் துணை விதிகளும் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும்.

பெரும்பாலான சங்கங்கள் சரிவது இந்த இடத்தில்தான். முதல் ஆண்டு கணக்கு தாக்கலாகும், இரண்டாம் ஆண்டு 'அடுத்த மாதம் பார்க்கலாம்', மூன்றாம் ஆண்டு செயலாளர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். புதிய நிர்வாகிகளின் பெயர் பதிவாளர் அலுவலகத்தில் ஏறாமல் வங்கி கையெழுத்தை மாற்றாது. பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது. பணத்தைத் திருடிக் கெட்ட அமைப்புகளைவிடக் காகிதம் எழுதாமல் கெட்டவை அதிகம் என்றே சொல்வேன்.

துணை விதி எழுதும்போது இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று, சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகும், உறுப்பினர்களுக்குப் பிரியாது என்பது. இது இல்லாமல் வருமான வரிப் பதிவு கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். மற்றொன்று, விதிகளைத் திருத்தும் முறை. நோக்கங்களை 30, 40 என்று அடுக்க வேண்டாம். செய்யப்போகும் மூன்றை எழுதுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஆர்வத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கிவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கடுமை சரிதான்.

இனி உங்கள் நண்பருக்கு. அரசு செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அரசு தொடங்கும் முன் யாராவது சிறிய அளவில் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. அரசு தொடங்கிய பிறகு யாராவது வீடுவரை கொண்டுபோக வேண்டியிருக்கிறது. 1989இல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்து, பதிவேடு எழுதப் பழக்கியது தொண்டு நிறுவனப் பணியாளர்கள். அதுதான் பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் போனது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் தருபவர்களின் வருவாயைக் கொண்டே இல்லாதவர்களுக்கும் கண்புரை அறுவை சிகிச்சை செய்தது. 1992இல் விழிலென்ஸைத் தானே தயாரிக்கத் தொடங்கி அதன் விலையையும் இறக்கியது.

மறுபக்கமும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்த பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தது. படகு கொடுப்பதில் அமைப்புகளுக்குள் போட்டி நடந்து, சில கடற்கரைகளில் முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. படகே வைத்திருக்காத கூலி மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும் கணக்கில் வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுத்ததன் விளைவு அது. உங்கள் போர்வையையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் 6,000 ரூபாய்க்கு நான் சொல்லும் வேலை இது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும் மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தகுதியிருந்தும் வாங்காதவர் உங்கள் ஊராட்சியில் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேளுங்கள். தடை எங்கே என்று பாருங்கள்: ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர், பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, மருத்துவச் சான்று முகாம் மாவட்ட மருத்துவமனையில் நடக்கிறது, படுத்திருக்கும் பிள்ளையைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது. கடைசியில் சொன்ன பயணம்தான் பெரிய தடை. ஆட்டோவுக்குக் காசும் ஒரு நாள் கூலியும் இருந்தால் தீரும். அழைத்துப்போய்ச் சான்று வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். ஐந்து பேருக்குக் கிடைத்தாலே ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் உங்கள் ஊருக்குள் வரும். அது உங்கள் மொத்த வசூலைவிட அதிகம்.

இதற்குப் பதிவு தேவையில்லை. வசூலை ஒருவரின் ஜிபேயில் சேர்க்காமல் இரண்டு பேர் கையெழுத்திடும் கூட்டுக் கணக்கில் போடுங்கள். மாதக் கடைசியில் வரவு செலவை 12 பேருக்கும் அனுப்புங்கள். யாருக்காக எப்போது போனீர்கள், எவ்வளவு செலவானது, என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மூன்று ஆண்டு அந்த நோட்டு விடாமல் நடந்தால் சங்கம் பதிவுசெய்யலாம். நடக்கவில்லை என்றால் பதிவும் நடந்திருக்காது.