நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை ஏவும்போது விஞ்ஞானிகள் அப்படிப் பயந்தது நிஜமா, கேமராவுக்காகச் சீன் போட்டார்களா?

சீன் இல்லை. அந்தப் பயத்தை எங்கள் வீட்டு ஹாலிலேயே பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

கேட்டவருக்கு வயது குறைவு என்று நினைக்கிறேன். சந்திரயான்-3 இறங்கியதற்குக் கைதட்டிய வயசு. ராக்கெட் என்றால் போய்விடும், பிறகு படம் வரும், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வகுப்புப் பிள்ளைகளும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்களுக்குப் பணகுடிப் பக்கம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் இன்ஜின் சோதனை நிலையம் இருக்கிறதே, பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி ராக்கெட் இரண்டிலும் வருகிற விகாஸ் இன்ஜினை எரித்துப் பார்க்கிற இடம், சித்தப்பா அங்கே டெக்னீசியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்பானர் பிடித்த ஆள், விஞ்ஞானி இல்லை. "டெக்னீசியனுக்கு என்ன தெரியும்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் மீதியையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

2010 கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-எஃப்06 கிளம்பியது. வீடு நிறைய விருந்தாளிகள், எல்லோரும் டிவி முன்னால். ஒரு நிமிஷம்கூடச் சரியாகப் போகவில்லை, ராக்கெட் கோணி, உடைந்து, நெருப்பாகிவிட்டது. ரஷ்யாவிலிருந்து வாங்கிய கிரையோஜெனிக் அடுக்கின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற மேல் அடுக்கு) கீழ்ப்பக்கத்துக் கனெக்டர்கள் முன்னாடியே கழன்றுகொண்டதால் கம்ப்யூட்டரின் கட்டளை கீழே எட்டவில்லை என்று பிற்பாடு காரணம் சொன்னார்கள். மகேந்திரகிரியில் சோதித்த இன்ஜின் மேல் குறையே இல்லை. இதையெல்லாம் ஊரில் யார் கேட்டார்கள்? "உங்க ராக்கெட்டு கடல்ல விழுந்துட்டாமே" என்று டீக்கடையில் கேட்டார்கள், சர்ச் வாசலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த பிறகும் கேட்டார்கள். சித்தப்பா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது வெப்புக்கு வருகிறேன். அதுவும் கிறிஸ்துமஸ் அன்றுதான், 2021இல். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம், ஏரியன் 5 ராக்கெட், நம் நேரம் சாயங்காலம் 5.50. முந்திரிக்கொத்துத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் போனில் நேரலை போட்டேன். சித்தப்பா பக்கத்தில் வரவே மாட்டேன் என்றார். ஆனால் அடுத்த அறையிலிருந்து "போயிட்டாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்விட்டது, வாங்க என்றேன். "போனது போகட்டும். விரியணும்லா" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம், ராக்கெட்டின் மூக்குக்குள் அப்படியே வைக்க முடியாது, அதனால் மடித்து வைத்து அனுப்பினார்கள். டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்கு வெயில் திரை, ஒவ்வோர் அடுக்கும் தலைமுடியைவிட மெலிசு, அதுவும் போகிற வழியில்தான் பிரிய வேண்டும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மொத்தமும் போச்சு என்கிற இடங்கள் மட்டும் 344 என்று நாசாவே சொன்னது. நான் கணக்கு டீச்சர், போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு தடவைதான் தவறும் என்று வைத்தாலும், 344ம் சேர்ந்து சரியாக நடக்க வாய்ப்பு சுமார் 71 சதவீதம்தான் வருகிறது. இது என் கணக்கு, நாசாவுடையது இல்லை, அவர்கள் சோதித்த சோதனைக்கு நிஜ வாய்ப்பு இதைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் 1000 கோடி டாலர் பொருளை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

"இதற்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கி ஹப்பிளைச் சரிசெய்தார்களே" என்று கேட்பீர்கள். 1990இல் அனுப்பிய ஹப்பிளின் கண்ணாடி தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்ததும், 1993 டிசம்பரில் ஆட்கள் போய்ச் சரிசெய்ததும் உண்மை. ஹப்பிள் இருந்தது 600 கிலோமீட்டர் உயரத்தில். வெப் போனது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு. அங்கே போய் ஸ்குரூ முறுக்க ஆள் கிடையாது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிக்கவில்லை. அந்த நவம்பரில் கூருவில் தொலைநோக்கியை ராக்கெட்டோடு பொருத்துகிற வேலை நடக்கும்போது அதை இறுக்கிப் பிடிக்கிற ஒரு கிளாம்ப் வளையம் திடீரென்று விடுபட்டு மொத்தத் தொலைநோக்கியும் அதிர்ந்தது. சேதம் இல்லை என்று சோதித்து உறுதி செய்ய, ஏவும் தேதி தள்ளிப்போனது. சித்தப்பாவுக்கு அண்டம், பெருவெடிப்பு எதிலும் அக்கறை இல்லை. இந்தச் செய்தியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "அந்தக் கிளாம்ப போட்ட பய அன்னிக்கு உறங்கியிருக்க மாட்டாம்ட்டி." நாம் மொத்த ராக்கெட்டையும் பார்க்கிறோம். வேலை செய்தவன் கண்ணுக்குத் தான் முறுக்கிய நட்டு மட்டும்தான் தெரியும்.

ராக்கெட் விடுமுன் இஸ்ரோக்காரர்கள் சாமி கும்பிடுகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள் என்று நக்கல் அடிக்கிற பகுத்தறிவு நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். கும்பிட்டார்களோ இல்லையோ, சோதனையை ஒருவரும் குறைக்கவில்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ராக்கெட் இன்ஜின் உறுமல் கேட்கிற ஊர் எங்களுடையது, ஆனால் ராத்திரி நெல்லையில் நாகர்கோவில் பஸ் ஏறினால் பணகுடி டிக்கெட் என்றதும் கண்டக்டர் முகம் மாறும். ஊருக்குள் போகாது, பைபாஸில் இறங்கிக்கோ. பொம்பளைப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டும். 15 லட்சம் கிலோமீட்டரில் துல்லியமாக நிறுத்துகிற காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் நிறுத்த ஆள் இல்லை.

சரி. 2022 ஜனவரி 4ஆம் தேதி வெயில் திரை முழுசாக விரிந்து இறுகியது, 8ஆம் தேதி கண்ணாடியின் கடைசிப் பகுதியும் மடிப்பிலிருந்து பிரிந்து சேர்ந்துகொண்டது. ஏரியன் அவ்வளவு துல்லியமாக விட்டதால் எரிபொருள் மிச்சமாகி, பத்து வருஷம் என்று எதிர்பார்த்த தொலைநோக்கியின் ஆயுள் இருபதைத் தாண்டும் என்றார்கள். ஜூலை 12இல் படங்கள் வந்தபோது சித்தப்பாவுக்கு அனுப்பினேன், "நல்லா இருக்கு" என்று ஒரு பதில், அத்தோடு சரி.

அவர் பெயர் என்ன, எந்தப் பிரிவு என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பஸ் விஷயத்தில் யாருக்காவது ஆள் தெரிந்தால் மட்டும் வாருங்கள்.