காகம் என்றால் சாவுதானா?

டச்சு ஓவியர் வான்கோவின் ‘காகங்கள் பறக்கும் கோதுமை வயல்’ ஓவியத்தில் கருத்த வானமும் காகங்களும் சாவின் குறியீடா, இப்படிப்பட்ட காட்சிகளில் மனநிலையை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை வீட்டில் மாட்டிய அன்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “கதிரு முத்திருச்சு, மழை எறங்குது, அறுக்க ஒராளைக் காணமே கண்ணு” என்றார். புரட்டாசி அறுப்பு சமயத்தில் நெல் மழையில் சாய்ந்து முளைவிட்டதைப் பல முறை பார்த்தவர். வான்கோ யார், எப்படி இறந்தார் என்று எதுவும் தெரியாது. காகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் படத்தின் பதைப்பு அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அது எங்கிருந்து வருகிறது? படம் சுமார் 50 சென்டிமீட்டர் உயரம், அகலம் அதைப்போல இரண்டு மடங்கு. வயல் இருபுறமும் நீண்டுகொண்டே போகிறது. ஆளில்லை, வீடில்லை, கண் தங்க இடமில்லை. மூன்று பாதைகளில் நடுவில் உள்ளது வயலுக்குள் வளைந்து போய் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பாதையின் சிவப்பைப் புல்லின் பச்சை இன்னும் தூக்கிக் காட்டுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் நின்று பழகியவர்களுக்கு அந்தத் தூரிகைக் கீற்றுகள் காதிலேயே கேட்கும்.

அப்புறம் காகம். நமக்கு அது விருந்து சொல்லும் பறவை, அமாவாசைக்கு முன்னோர். குறுந்தொகை 210-ஆம் பாட்டில், தலைவன் வரக் கரைந்த காக்கைக்கு நெய்யோடு தொண்டியின் வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினாலும் சிறிதுதான் என்கிறாள் தோழி. தொண்டி சேரநாட்டுத் துறைமுகம், எங்கள் மேற்குக் கரை! ஆகவே காகத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லாதீர்கள். இந்தப் படத்தில் அவை நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்று பிரித்தறிய முடியவில்லை. கலக்கம் அங்கே இருக்கிறது.

வான்கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் வரைந்த கடைசி ஓவியம் இதுதான் என்ற தவறான நம்பிக்கையால் சாவு என்ற விளக்கம் வலுத்துவிட்டது. 1890 ஜூலையில் கோதுமை வயல்களை வரைந்ததைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சோகத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகச் சொல்கிறார். நாட்டுப்புறத்தில் தான் காணும் நலத்தையும் தெம்பையும் இந்த ஓவியங்கள் சொல்லும் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது.

காகங்களைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை ஒரு தடவை பாருங்கள். எனக்குப் பதைப்பு குறையவில்லை.