குண்டும் குழியும், போளைக் கிடங்கும்

கேள்வி: எங்கள் ஒழுங்கை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்கிறோம். கோலிக்குண்டும் பீரங்கிக் குண்டும் உருண்டை. பள்ளம் எப்படிக் குண்டானது? மேட்டைத்தான் சொல்கிறார்களா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மேடு இல்லை. 'பேரும் புகழும்' போல ஒரே பொருளை இரட்டித்துச் சொல்லும் இணைமொழி இது. இங்குள்ள குண்டு என்பதற்கு ஆழம், பள்ளம் என்றே பொருள். சங்கப் பாடல்களின் 'குண்டு சுனை' ஆழமான சுனை. உருண்டையைக் குறிக்கும் குண்டு வேறு சொல். குண்டூசியிலும் குண்டுமல்லிகையிலும் இருப்பது அதுதான்.

தெலுங்கில் இந்த வேறுபாடு இன்றும் காதில் விழும். பள்ளம் 'குண்ட', அதன் டகரத்தைப் 'பட்டம்' என்பதில்போல அழுத்துவார்கள். உருண்டை 'குண்டு'; அதை 'வண்டு' போல மெதுவாக ஒலிப்பார்கள். தமிழில் ணகரத்தை அடுத்த டகரம் எப்போதும் மெதுவாகவே ஒலிப்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'பள்ளம்' என்று போட்டுப் பாருங்கள்; பொருந்தினால் முதலாவது, இல்லாவிட்டால் 'உருண்டை'. குண்டுமணியிடம் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அது குன்றிமணியின் திரிபு.

கேள்வி: றோட்டுப் பள்ளத்தையும் போளை (கோலிக்குண்டு) அடிக்கும் குழியையும் அம்மம்மா 'கிடங்கு' என்கிறார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம். அவரைத் திருத்தலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து திருத்தாதீர்கள். அவர் வாயில் இருப்பது பழைய பொருள். 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்' என்று மதுரைக்காஞ்சி பாடுவது மதுரையின் அகழியை. சரக்கறைக்குக் கொழும்பில் நாம் 'குதம்' என்கிறோம். அதுவும் கிடங்கின் உறவுதான்: தென்னிந்தியக் கரையின் கிடங்கு, கிட்டங்கி என்ற சொற்கள் போர்த்துக்கேயர் வாய்க்குப் போய், சிங்களத்தில் 'குதம' என்றும் நம்மிடம் 'குதம்' என்றும் திரும்பி வந்தன. சரக்கறைக்கு அந்தப் பெயர் இருந்ததால், இங்கே கிடங்கு தோண்டிய குழியாகவே நிலைத்தது.

போளைக் கிடங்கு குதிக்காலை ஊன்றிச் சுழற்றி எடுப்பது. ஆழம் போளையின் பருமனைவிடச் சற்றுக் கூட இருக்கவேணும். குறைந்தால், வேகமாக வரும் போளை எதிர்விளிம்பில் தட்டி வெளியே பாயும். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் போலக் காய்ந்த மணலில் விளிம்பு சரியும். முதலில் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டு தோண்டுங்கள்.