பத்தாயிரம் ஸ்டெப் கட்டாயமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 69. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆறு மாதமாகப் பூங்காவில் நடக்கிறேன். ஐயாயிரம் ஸ்டெப் தாண்டினால் முழங்கால் வலிக்கிறது. கூட நடப்பவர்கள் பத்தாயிரம் போனால்தான் பலன் என்கிறார்கள். மூட்டு இன்னும் தேய்ந்துவிடுமோ என்று பயம். நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: நிறுத்தாதீர்கள். பத்தாயிரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்த எண் ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலேயே 'பத்தாயிரம்' இருந்தது. அங்கிருந்து பரவியதுதான். அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41% குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் ஐயாயிரம் குறைச்சலே இல்லை.

தேய்மானப் பயத்தில் நடையை விட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். சில மாதங்களில் தொடைத் தசை சூம்பி, எதையாவது பிடிக்காமல் எழுந்திருக்க முடியாமல் போகிறது. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் அது அழுந்தி விரியும்போதுதான் மூட்டு நீரிலிருந்து ஊட்டம் பெறுகிறது. எனவே அளவான நடை மூட்டுக்கு நல்லதே. ஐயாயிரத்தைக் காலை, மாலை என்று பிரித்து நடங்கள். லேசான வலி இருந்து, மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். மறுநாளும் நீடித்தாலோ மூட்டு வீங்கினாலோ தூரத்தைக் குறையுங்கள். கைத்தடி வைத்துக்கொள்வதாக இருந்தால் இடது கையில் பிடியுங்கள். வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பது பலரும் செய்யும் தவறு.

வேகத்துக்கு எளிய அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்ப வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை துடிப்பை ஏறவிடாது.

பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, அங்கிருக்கும் பெஞ்சு. இந்த வயதில் நான் அதிகம் அஞ்சுவது கீழே விழுவதைத்தான். நடை மட்டும் அதைத் தடுக்கப் போதாது. உலக சுகாதார நிறுவனம் 65 வயது கடந்தவர்களுக்கு, வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியுடன், மூன்று நாளாவது சமநிலை, தசை வலுப் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது. உயரமான பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஐந்து முறையில் தொடங்கி மெல்லப் பத்துக்குப் போங்கள். பிறகு பெஞ்சின் முதுகைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து வினாடி. ஈரப் பாசியும் உதிர்ந்த இலையும் உள்ள பாதையில் மட்டும் வேண்டாம்.

பூங்கா தூரம் என்று சாலையோரம் நடக்காதீர்கள். லண்டனில் 60 வயது கடந்தவர்களை ஹைடு பூங்காவிலும், நெரிசல் மிகுந்த ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு இரண்டு மணி நேரம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். பூங்கா நடையால் நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைத்த பலன், தெருவில் பெருமளவு காணாமல் போனது. வாகனப் புகைதான் காரணம். பூங்காவிலும் சாலையை ஒட்டிய பாதையை விட்டு உள்பாதையில் நடங்கள்.

உட்கார்ந்து எழும்போது தலை சுற்றினால், மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் விடுகிறதா? அது மூட்டு வலி அல்ல; கால் ரத்தக் குழாயில் அடைப்பாக இருக்கலாம், பரிசோதனை தேவை. நடக்கையில் நெஞ்சு கனத்தாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ அங்கேயே உட்காருங்கள். சில நிமிடங்களில் விடாவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். விட்டுவிட்டாலும், அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.